ஓ.டி.பி. வந்துச்சா சார்?

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. ராத்திரி லாரிகள் இறக்கிவிட்டுப் போன சரக்கில் பாதி விற்றுத் தீர்ந்து, மீதி காந்தி மார்க்கெட் தரையில் கிடந்தது. முட்டைக்கோஸ் இலையில் வழுக்கி விழாமல் நடக்கத் திருச்சிக்காரனுக்குப் பிறவியிலேயே ஒரு பயிற்சி உண்டு. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

சின்ன வெங்காயத்துக்கு நான் வழக்கமாகப் போய் நிற்கும் இடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கையெழுத்துப் போடுவார், தினத்தந்தித் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பார். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அவர் முன்னால் எலெக்ட்ரானிக் தராசு, தராசின் முதுகில் கியூஆர் அட்டை, பக்கத்தில் சாக்கின்மேல் ஒரு சின்ன ஒலிபெருக்கி டப்பா. போனைக் காட்டிப் பணம் அனுப்பினால் மார்க்கெட் இரைச்சலையும் மீறி அது தொகையைத் தமிழில் அறிவிக்கும். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். காது கேட்டுவிட்டது, பணம் வந்துவிட்டது, அடுத்த ஆள்.

அன்று என் பக்கத்தில் நின்று வெங்காயம் பொறுக்கியவர் ஒரு நூலகர். குடியிருப்பு திருச்சியில், வேலை பக்கத்து மாவட்டம் ஒன்றில், ஒற்றை ஆள் நூலகத்தில். பெயர், ஊர், மாவட்டம் எதையும் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் பேசினார். “பதினேழு பி வந்தா நீங்களா சார் பதில் எழுதுவீங்க?” என்று முதலிலேயே கேட்டுவிட்டார். ஒழுங்கு நடவடிக்கை விதியின் எண் அது; அரசு ஊழியர் வீடுகளில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை. ஆனாலும் அவர் பரபரப்பாக இருந்தார்.

“பத்து மணிக்கு ஆன்லைன் பயிற்சி சார். அதுக்குள்ள காய் வாங்கிட்டுப் போயிடணும்.”

“விடுமுறை நாள்லயா?”

“வாசகர்களுக்கு இடையூறு வரக்கூடாதுன்னுதான் வெள்ளிக்கிழமை வைக்கிறாங்களாம். போன தடவை வேலை நாள்ல வச்சாங்க. வாசல்ல ‘நூலகர் பயிற்சிக்குச் சென்றுள்ளார், இன்று விடுமுறை’ன்னு எழுதி ஒட்டிட்டுப் போனேன்.”

“இது எத்தனாவது?”

“ஏழாவது. முதல் மூணும் ஒரு சாஃப்ட்வேர். அதை எடுத்துட்டாங்க. அடுத்த மூணும் வேற. இது என்னன்னு பத்து மணிக்குத் தெரியும்.”

வெங்காயக்கார அம்மாவுக்கு அவர் நூலகர் என்பது தெரியாது. கண்ணாடியும் கைப்பையும் பார்த்து டீச்சர் என்றே முடிவு செய்திருந்தார். எடை போட்டபடியே குறுக்கே வந்தார்.

“எதுக்கு டீச்சரம்மா ஏழு பயிற்சி? எனக்கு ஒரு பையன் வந்தான். அட்டைய ஒட்டுனான், டப்பாவ வச்சான், ஒத்த ரூபா அனுப்பிக் காட்டுனான். அரை மணி நேரம். அடுத்த வாரம் டப்பா பேசல. போன் போட்டேன், மறுபடி வந்து வேற டப்பா குடுத்துட்டுப் போனான். உங்களுக்கு அப்படி ஒரு பையன் வரலையா?”

வரவில்லை அம்மா. எழுபத்தைந்து வருடமாக நாங்களும் அந்தப் பையனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

‘ஊழியர்களிடம் புதிய தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்வதில் ஒரு தயக்கம் இருக்கிறது.’ எந்தத் துறையின் ஆய்வுக் கூட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். முந்திரி பக்கோடா தட்டு வருவதற்கு முன்னால் இந்த வாக்கியம் வந்துவிடும். சொல்பவர் தன் மின்னஞ்சலை உதவியாளரிடம் அச்செடுக்கச் சொல்லி, ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு எழுதுகிறவராக இருப்பார். அவருக்குத் தயக்கம் கிடையாது, அவருக்கு அனுபவம். தயக்கமெல்லாம் கீழ்நிலை ஊழியர்களுக்கு வரும் வியாதி. அதற்குத் துறை கண்டுபிடித்த ஒரே மருந்து பயிற்சி.

அந்தத் தயங்கும் ஊழியரின் ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நூலகத்துக்கான லாகின், முன்பு அங்கே இருந்த நூலகரின் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது. அவர் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. எண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் போயிற்று. பதில் வந்தது: தளத்துக்குள் சென்று ஆன்லைனில் விண்ணப்பிக்கவும். தளத்துக்குள் செல்ல ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகும். ஆகவே தினமும் காலையில் அந்தப் பெரியவருக்குப் போன் போடுகிறார் நம் நூலகர். “ஓ.டி.பி. வந்துச்சா சார்?” அவர் அந்த நேரம் பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிக்கொண்டிருப்பார். கண்ணாடி வீட்டில் இருக்கும். பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது போனை நீட்டி வாசிக்கச் சொல்வார். ஆறு இலக்கமும் ஊர் தாண்டி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி போன். ஓய்வு பெற்ற பிறகும் நாள் தவறாமல் அரசுக்கு உழைக்கிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவருடையது பழைய ஓய்வூதியமா புதிய ஓய்வூதியமா என்று நான் கேட்கவில்லை. காலை நேரத்தில் எதற்கு?

உள்ளே போனதும் அன்றைக்கு வந்த நூல்களைச் சேர்க்க வேண்டும். முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் பேனாவால். பிறகு மென்பொருளில். பிறகு மேலிடம் அனுப்பிய கூகுள் தாளில். தணிக்கைக்கு வருகிறவர் கணினியில் இருப்பதை ஏற்க மாட்டார், அவருக்குப் பக்க எண் போட்ட பதிவேடு வேண்டும். கணினியைக் கொடுத்தவர் பதிவேட்டை ஏற்க மாட்டார். இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே கருவூலம். நடுவில் ஒரே புத்தகத்துக்கு மூன்று முறை பெயர் சூட்டு விழா நடத்துகிறார் நூலகர்.

அந்தக் கூகுள் தாள் ஒரு தனிக் காவியம். மாவட்டத்தில் உள்ள அத்தனை நூலகர்களும் ஒரே தாளில், ஒரே அரை மணி நேரத்தில், தத்தம் வரிசையில் வாசகர் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். யாரோ ஒருவர் கைதவறி வரிசையை மாற்றிவிட்டால் ஓர் ஊரின் வாசகர்கள் அத்தனை பேரும் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். “ஒருநாள் என் நூலகத்துக்கு நாலாயிரம் பேர் வந்தாங்க சார், ஊர் ஜனத்தொகையே அவ்வளவு இல்ல” என்றார். மறுநாள் அதற்குப் பாராட்டு வந்ததாம். திருத்திச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கெட்டிக்காரர்.

இதற்கிடையே வாட்ஸ்அப். ‘மிக அவசரம்’, ‘மிக மிக அவசரம்’, ‘நினைவூட்டு 2’. வாசகர் அமர்ந்திருக்கும் படம், இடக்குறியீட்டுடன், பன்னிரண்டு மணிக்குள். போன் அவருடையது. டேட்டா அவர் ரீசார்ஜ். அரசு கொடுத்த கணினியின் வரலாறு தனி: கணினி வந்தபோது இணையம் வரவில்லை. இணையம் வந்தபோது யு.பி.எஸ். பேட்டரி செத்திருந்தது. பேட்டரி வந்தபோது மென்பொருள் மாறியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்மணி தினமும் செய்கிற வேலை ஒன்று உண்டு. குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் வருகிறார்கள். ஒருமுறைப் பதிவு, சான்றிதழ் பதிவேற்றம், புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்குவது, போன வருடம் மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பது எல்லாம் அவர் போனில், அவர் கையால். பிரவுசிங் சென்டரில் பணம் கேட்பதை இங்கே அக்கா சும்மா செய்து கொடுக்கிறார். விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் எண் எந்தக் கட்டத்தில் போகும் என்பது அவருக்குத் தேர்வாணையத்தைவிட நன்றாகத் தெரியும். இவருக்குத்தான் ஆன்லைன் தெரியாதாம். இவருக்குத்தான் ஏழாவது பயிற்சி. இந்த வேலையை எழுத மேலிடத்தின் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. கட்டம் இல்லாத வேலை நடக்காத வேலை.

மென்பொருளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது ஆசிரியர் பெயரை இரண்டாகக் கேட்கிறது: முதல் பெயர், குடும்பப் பெயர். இரண்டாவதை நிரப்பாவிட்டால் சேமிக்காது. காவிரிக்கு அந்தக் கரையில், சீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் எழுதினார். ‘சுஜாதா’வுக்குக் குடும்பப் பெயர் என்ன? நம் நூலகர் ஒரு புள்ளி வைக்கிறார். ஜெயகாந்தனுக்கு ஒரு புள்ளி, பூமணிக்கு ஒரு புள்ளி. தமிழிலக்கியம் முழுவதும் புள்ளி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்று கணினி நம்பிக்கொண்டிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணினி என்றால் என்ன என்று தமிழ் வீடுகளுக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அதே சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தபோது மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த எந்திரத்தைப் பற்றி ஆயிரம் சண்டை இருக்கட்டும். கைநாட்டு வைக்கிற கிழவிகூடப் பயிற்சி எதுவும் இல்லாமல் உள்ளே போய்ச் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தாள். செய்தவர்கள் கிழவியை மனத்தில் வைத்துச் செய்தார்கள். கிழவிக்குத் ‘தயக்கம்’ என்று யாரும் அறிக்கை எழுதவில்லை.

பெயர் விவகாரத்தில் இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் பாக்கி இருக்கிறது. சீர்காழி ராமாமிருதம் ரங்கநாதன் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரிலேயே ஊரும் அப்பாவும் இருக்கிறார்கள், குடும்பப் பெயர் இல்லை. இந்தியப் பெயர்களை நூற்பட்டியலில் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து யோசித்து, 1934-இல் வெளிவந்த தன் பட்டியல் விதித் தொகுப்பில் இடம் கொடுத்து எழுதி வைத்தவர். அவரை இந்திய நூலகவியலின் தந்தை என்கிறார்கள். ஒவ்வோர் ஆகஸ்ட் 12-ஆம் தேதியும் அவர் படத்துக்கு மாலை போட்டு, அந்தப் படத்தையும் இடக்குறியீட்டுடன் குழுவில் போடச் சொல்கிறார்கள். அவர் நூலைச் சேர்க்கப் போனால் மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கிறது. அவருக்கும் ஒரு புள்ளி.

ரங்கநாதன் கதையில் பயிற்சி பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவரை நியமித்தபோது அவருக்கு நூலகத் தொழிலில் ஆனா ஆவன்னா தெரியாது. மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வாரத்தில் சலித்துப்போய், பழையபடி வாத்தியார் வேலைக்கே போகிறேன் என்று கேட்டார். வெள்ளைக்கார சர்க்கார் காலத்துப் பல்கலைக்கழகம் அவருக்கு ‘தயக்கம்’ என்று குறிப்பு எழுதவில்லை. லண்டனுக்கு அனுப்பியது. அங்கே படித்தார், குராய்டன் பொது நூலகம் உட்படப் பல நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார், ஒரு கடையில் குழந்தைகள் மாட்டிக் கழற்றி விளையாடும் மெக்கானோ பொம்மையைப் பார்த்து ஒரு பகுப்பாக்க முறைக்கே விதை கண்டார். அன்றைக்கு நூலகருக்குப் பயிற்சி என்றால் கப்பல் ஏறி லண்டன். இன்றைக்குப் பயிற்சி என்றால் விடுமுறை நாளில், சமையலறையில், கூட்டு அடுப்பில் கொதிக்க, கைப்பேசித் திரையில் யாரோ ஒருவர் தன் திரையைப் பகிர முடியாமல், “எல்லாருக்கும் தெரியுதா? தெரியுதா?” என்று இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பது.

அந்த ரங்கநாதன்தான் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. அதே வருடம் அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்தில் ஒரு புதிய தொழில்நுட்பத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பெயர் மாட்டு வண்டி. எஸ்.வி. கனகசபை பிள்ளை என்ற பொறியாளர் வண்டி செய்து, புத்தகங்களை அடுக்கி, வயல்காட்டு ஊர்களுக்கு அனுப்பினார். வண்டி வாசகனைத் தேடிப் போனது. மாட்டுக்கு ஓ.டி.பி. தேவைப்படவில்லை.

‘அதெல்லாம் அந்தக் காலம், உலகமே மாறிவிட்டது’ என்பார்கள். சரி, உலகத்தையே பார்ப்போம்.

2006-இல் அமெரிக்காவில் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளவர்ஸ் என்ற அதிகாரி ஒரு திட்டம் போட்டார். அப்போது புதிதாக வந்திருந்த இணையக் கருவிகளை ஊழியர்கள் எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும். மொத்தம் 23 காரியங்கள். படம் ஏற்றுவது ஒன்று, ஒலிக்கோப்பு கேட்பது ஒன்று, இப்படி. வகுப்பு இல்லை, வருகைப்பதிவு இல்லை. தினம் கொஞ்ச நேரம் ஒதுக்கி, தெரியாததைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு, ஒன்பது வாரத்தில் முடித்தால் போதும். விளையாடிப் பாருங்கள் என்றார்கள். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. குலுக்கலில் ஒருவருக்கு லேப்டாப். உலகம் முழுக்க எத்தனையோ நூலகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அங்கே முடித்தவருக்குப் பரிசு. இங்கே முடிக்காதவருக்கு மெமோ.

இன்னொன்று. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சின்ன வட்டாரம். 1999-இல் அங்கிருந்த நூலகத்தின் பழைய மென்பொருள் 2000-ஆம் வருடத்தைத் தாங்காது என்று தெரிந்தது. கையில் பெரிய காசு இல்லை. நூலகத்தார் கடிப்போ என்ற சின்ன நிறுவனத்தோடு சேர்ந்து உட்கார்ந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஒரு மென்பொருளைச் செய்துகொண்டார்கள். 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. ‘கோஹா’ என்று பெயர் வைத்தார்கள்; மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். வைத்த பெயருக்கு ஏற்ப உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தும் விட்டார்கள். தமிழ்நாட்டிலும் எத்தனையோ கல்லூரி நூலகங்களில் அதுதான் ஓடுகிறது. ஒரு சின்ன வட்டாரத்து நூலகம் கேட்டுச் செய்ததை உலகம் பயன்படுத்துகிறது. உலகத்தரம் என்று நாம் செய்வதை ஒரு குக்கிராமத்து நூலகம் பயன்படுத்த முடியவில்லை.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று திருச்சிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மதுரை ரோட்டில் கள்ளிக்குடிக்குப் போய்ப் பாருங்கள். காந்தி மார்க்கெட்டின் நெரிசலைத் தீர்க்கிறோம் என்று 77 கோடி ரூபாயில் ஒரு மார்க்கெட் வளாகம் கட்டினார்கள். 2017-இல் திறந்தார்கள். மண்டிக்காரர்கள் போகவில்லை. கடை சின்னது, தூரம் அதிகம், லோடு ஏற்றி இறக்கத் தோதில்லை என்று காரணங்கள் சொன்னார்கள். 2020-இல் கொரோனாவுக்காகக் காந்தி மார்க்கெட்டை மூடியபோதுகூட வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போயிற்றே ஒழிய, கள்ளிக்குடியில் நிலைக்கவில்லை. நீதிமன்றம், கடையடைப்பு எல்லாம் நடந்து, அந்த வருடக் கடைசியில் வியாபாரம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. இப்போது பஞ்சப்பூரில் இன்னொரு மார்க்கெட்.

வெங்காயக்கார அம்மாவிடம் கள்ளிக்குடி என்று சொல்லிப் பார்த்தேன். “போகச் சொன்னாக. மண்டிக்காரவுக போகல. அவுக போகாம நாங்க அங்க போயி யாருக்கு விக்கிறது? பேய்க்கா?” என்றார்.

மண்டிக்காரருக்குச் சங்கம் இருக்கிறது, லாரி இருக்கிறது, தேர்தலில் ஓட்டு இருக்கிறது. போக மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. நூலகரால் சொல்ல முடியுமா? அவருக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு கள்ளிக்குடியைக் கணினிக்குள் கட்டுகிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்து, காலியான கடையில், வராத வாடிக்கையாளருக்குக் கணக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் தயக்கம்.

போதும். யாருக்குத் தெரியாதோ அவர்களுக்குத்தானே பயிற்சி? நூலகத்தைப் பற்றித் தெரியாதவர்கள் யார் என்று இவ்வளவு நேரத்தில் உங்களுக்கே புரிந்திருக்கும். ஆகவே சார்லட் நகரத்து அம்மையாரிடம் எண்ணிக்கையை மட்டும் கடன் வாங்கி, கருவி வாங்க உத்தரவு போடுகிற அதிகாரிகள், ஆலோசகர்கள், திறப்பு விழாக்காரர்கள் அனைவருக்கும் 23 காரியங்கள் அடங்கிய ஒரு பயிற்சித் திட்டத்தை இதனால் முன்மொழிகிறேன்.

முதல் காரியம், ஒற்றை ஆள் நூலகத்தில் திறந்ததிலிருந்து பூட்டும்வரை தனியாக உட்கார்ந்திருப்பது. கழிப்பறைக்கு எதிர்வீட்டாரிடம் கேட்டுப் போக வேண்டும். நூலகரம்மா அப்படித்தான் போகிறார். எதிர்வீட்டார் ஊருக்குப் போயிருந்தால் அதுவும் பாடத்திட்டத்தில் சேரும். இரண்டாவது, தன் சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து, ‘மிக மிக அவசரம்’ என்ற செய்திக்குப் பேருந்தில் தொங்கியபடி பதில் அனுப்புவது. நான்காவது, பூமணியின் குடும்பப் பெயரைக் கண்டுபிடிப்பது. ஐந்தாவது, ஓய்வு பெற்றவரின் பேரன் வேன் ஏறும் நேரத்தைக் கேட்டு அறிந்து, அதற்கு முன்னதாக ஓ.டி.பி. பெறுவது. ஒன்பதாவது, ஒரே புத்தகத்தை மூன்று இடத்தில் பதிவு செய்துவிட்டு, அந்த நேரத்தில் வந்த பையனுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க முடியாமல் போயிற்று என்று எழுதி வைப்பது. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் கட்டாயம் ஒரு கட்டம் வேண்டும்.

பதினான்காவது கொஞ்சம் கடினம்: தொகுப்பூதியத்தில் சேர்ந்து, வருடக்கணக்கில் காத்திருந்து, சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற நீளமான பெயருள்ள சிறிய சம்பளத்துக்கு வந்து, மூன்றாம் நிலை நூலகர் ஆக்குங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர்ப்புற நூலகரின் சம்பளத்தில் ஒரு மாதம் குடும்பம் நடத்துவது. வெற்றி பெறுகிறவர்களை நிதித்துறைக்கு மாற்றலாம். அங்கே இப்படிப்பட்ட மந்திரவாதிகள் தேவை.

இருபத்து மூன்றாவதைக் காந்தி மார்க்கெட்டில் வெங்காயக்கார அம்மா நேரில் நடத்துவார். வகுப்பு காலை நாலு மணிக்கு. கருவியைத் தூக்கிக்கொண்டு பயன்படுத்துகிறவர் இருக்கும் இடத்துக்கு நடந்து வர வேண்டும். ஒட்ட வேண்டும். ஒரு ரூபாய் அனுப்பிக் காட்ட வேண்டும். பேசாவிட்டால் மறு வாரம் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்குத்தான் மதிப்பெண். தேறியவர்களுக்கு ஒரு கிலோ சின்ன வெங்காயம் பரிசு. விலை ஏறியிருக்கும் மாதமாக இருந்தால் அரைக் கிலோ.

இவ்வளவு எழுதிவிட்டால் ‘அரசு நூலகத்துக்கு எதுவுமே செய்யவில்லையா?’ என்று ஒருவர் கிளம்புவார். செய்திருக்கிறது, யார் இல்லை என்றது? கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம். அடுத்த வருடமே ஆட்சி மாறி அதை மருத்துவமனையாக்கப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் குறுக்கே நின்று காப்பாற்றியது. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இப்போது நம் திருச்சிக்கே 290 கோடி ரூபாயில், காமராசர் பெயரில் ஒன்று. நான் முதல் ஆளாக உள்ளே போவேன். குளுகுளுவென்று உட்கார்ந்து படிப்பேன். பெரிய நூலகம் வேண்டாம் என்கிறவன் மடையன். ஆனால் தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல். பெரிய கட்டடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்சம் அத்தனையும் நம் நூலகரம்மாவின் நூலகம் மாதிரி ஒற்றை மின்விசிறி நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள், வாடகைக் கட்டட நூலகங்கள். பள்ளிக்கூடத்துக்குச் சோறு போட்ட மனிதரின் பெயரை வைக்கிறவர்களுக்கு ஒரு நினைவூட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். அவர் பள்ளிக்கூடத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

பணம் இல்லை என்ற பேச்சே இங்கே எடுபடாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இதே சென்னை மாகாணத்தில் வந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்தின் உயிரே நூலக வரிதான். நீங்கள் சொத்து வரி கட்டினால் அதோடு ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு நூலகத்துக்கென்று சேர்த்து வாங்குகிறார்கள். உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். அது தபால்காரர் வேலை. வசூலித்த தபால்காரர் மணியார்டரைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததும் உண்டு. சென்னை மாநகராட்சி வைத்த நூலக வரி பாக்கி எத்தனையோ முறை செய்தித்தாளில் வந்துவிட்டது. புத்தகத்துக்கும், பேட்டரிக்கும், நூலகரம்மாவின் ரீசார்ஜுக்கும் உரிய காசு அது.

மார்க்கெட்டிலிருந்து வெளியே வந்து, போர் நினைவுச் சின்னத்துப் பக்கம் நூலகரம்மாவை ஆட்டோ ஏற்றிவிட்டேன். மணி ஏழே கால். ஆட்டோ நகர்வதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பயிற்சி பதினோரு மணிக்குத் தள்ளிப்போயிருக்கிறதாம். உள்ளே வருவதற்கு ஓ.டி.பி. உண்டாம்.

அடுத்த தடவை வீட்டு வரி கட்டும்போது ரசீதை மடித்துப் பையில் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் கீழே பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது எங்கே போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று அந்தக் கவுண்டரிலேயே கேளுங்கள். சர்வர் டவுன் என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்காருங்கள்.